நிழல் செடி வேறு, இருட்டுச் செடி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டக்கலைப் பக்கத்தில், வெயில் எட்டாத இடங்களுக்கு இம்பேஷியன்ஸ் செடியைப் பரிந்துரைத்து வந்த குறிப்பைப் படித்தோம். பரிந்துரை சரிதான். நிழலில் இத்தனை நிறங்களில், இத்தனை மாதம் விடாமல் பூக்கும் சிறு செடிகள் அதிகம் இல்லை. ஆனால் ‘நிழலில் வையுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுங்கள், பூத்துக் குலுங்கும்’ என்ற அளவில் குறிப்பு முடிந்துவிட்டது. அதை அப்படியே செய்பவர்களின் செடி என்ன ஆகும்? ஒன்று, இரண்டே மாதத்தில் நெடுநெடுவென்று வளர்ந்து, அடியில் இலை உதிர்ந்து, உச்சியில் மட்டும் நாலு பூவோடு நிற்கும். இல்லையென்றால், அடித்தண்டு அழுகி ஒரே வாரத்தில் சாயும். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. நிழல் என்றால் எவ்வளவு நிழல், தண்ணீர் என்றால் எப்போது, எவ்வளவு என்று சொல்லாமல் விட்டதால் வரும் வினை இது. அந்த இரண்டையும், கூடவே எந்த வகை இம்பேஷியன்ஸ் என்பதையும் விரிவாகச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வகை. இம்பேஷியன்ஸ் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு பேரினத்தின் பெயர். லத்தீனில் ‘பொறுமையற்றது’ என்று பொருள். பெயருக்குக் காரணம் காய். முற்றிய காய் பச்சை நிறத்திலேயே, உருண்டு, உள்ளே அழுத்தத்தோடு இறுகியிருக்கும். விரல் நுனி பட்டதும் ஐந்து தோல்களும் அடியிலிருந்து நுனி நோக்கிச் சுருண்டு தெறிக்கும். விதைகள் நாலாபக்கமும் சிதறும். சுருண்ட தோல்கள் உள்ளங்கையில் சிறு புழுக்கள்போலக் கிடக்கும். காசித்தும்பைக் காயை வெடிக்கவிட்டு விளையாடிய யாருக்கும் இது தெரியும், ஏனென்றால் காசித்தும்பையும் இம்பேஷியன்ஸ்தான்.

தோட்டத்துக்கு வருபவை பெரும்பாலும் மூன்று. ஒன்று, இம்பேஷியன்ஸ் வாலெரியானா. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஈரமான காட்டு நிழலில் பிறந்தது. சான்சிபார் சுல்தானின் பெயரால் ஒரு காலத்தில் இதை ‘சுல்தானி’ என்றும் அழைத்தார்கள். தட்டையான ஐந்து இதழ், பூவின் பின்னால் நூல்போல நீண்ட தேன்வால், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் தண்டு. உயரம் 20 முதல் 40 செ.மீ. நிழல் செடி என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்வது இதைத்தான். கோஸ்டா ரிகாவில் கிளாட் ஹோப் என்ற பயிர்ப்பெருக்க நிபுணர் உருவாக்கிய குட்டையான, தானாகக் கிளைக்கும் ‘எல்ஃபின்’ ரகங்களுக்குப் பிறகுதான் இது உலகம் முழுக்கப் பாத்திகளை நிறைத்தது.

இரண்டாவது, நியூ கினி இம்பேஷியன்ஸ். 1970-இல் அமெரிக்க வேளாண் துறையும் லாங்வுட் தோட்டமும் சேர்ந்து அனுப்பிய குழு நியூ கினித் தீவிலிருந்து கொண்டுவந்த செடிகளின் வழி வந்தவை. இலை நீண்டு, தடித்து, சிலவற்றில் நடுநரம்பு ஓரமாக மஞ்சள் பட்டை ஓடும். பூ வாலெரியானாவைவிடப் பெரிது. இதற்குக் காலை வெயில் வேண்டும். முழு நிழலில் வைத்தால் இலை மட்டும் அழகாக இருக்கும், பூ வராது. இதே வழியில் கலப்பினமாக வந்த சன்பேஷியன்ஸ் முழு வெயிலையே தாங்கும். அதை வாங்கி நிழல் மூலையில் வைப்பது பணத்தை வீணாக்குவது.

மூன்றாவது காசித்தும்பை. நேராக நிமிர்ந்து வளரும். பூ இலைக்கக்கத்தில், தண்டை ஒட்டி மறைந்திருக்கும். நாளுக்கு நாலைந்து மணி நேர வெயில் இருந்தால் நன்றாகப் பூக்கும். ஆனால் விதைத்த சில மாதத்திலேயே பூத்து, காய்த்து, முடிந்துவிடும். வாலெரியானா அப்படியல்ல. உறைபனி இல்லாத இடத்தில் ஆண்டு கடந்தும் வாழும். குளிர்ப்பிரதேசத்தில் முதல் உறைபனியோடு ஒரே இரவில் கறுத்துக் கூழாகும்.

இந்த மூன்றையும் ஒரே பெயரில் எழுதினால் படிப்பவர் எதை எங்கே வைப்பார்? இதற்கு மேல் ‘இம்பேஷியன்ஸ்’ என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் வாலெரியானாவையே குறிப்பிடுகிறோம்.

இனி நிழல். மரத்தடி, மதிலின் நிழல், கூரையடி, மூடிய திண்ணை எல்லாமே நிழல்தான். செடிக்கு அவை ஒன்றல்ல. எளிய சோதனை ஒன்று உண்டு. நல்ல வெயில் நாளில், நண்பகலில், நட நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளுக்கு மேலே ஒரு அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் கூர்மையாக விழுந்தால் அது வெயில். நியூ கினிக்கும் காசித்தும்பைக்கும் அது நல்லது. கை என்று தெரிகிறது, ஆனால் ஓரம் கலங்கி, விரல்களுக்கு நடுவே மங்கலாக இருக்கிறது என்றால், அதுவே வாலெரியானாவுக்கு ஏற்ற இடம். தாளில் நிழலே விழவில்லை, அல்லது கை இருப்பது மங்கலான ஒரு கறையாக மட்டும் தெரிகிறது என்றால், அங்கே எந்த இம்பேஷியன்ஸும் பூக்காது. உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தைப் பெரணிக்கு விட்டுவிடலாம்.

காலை இளவெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு நாள் முழுக்கச் சல்லடை நிழல் என்பதே இதற்கு உத்தமம். மாலை வெயில் அதே இரண்டு மணி நேரம்தானே என்று மேற்குப் பக்கம் வைத்தால் கணக்கு தவறும். மாலையில் காற்றும் தரையும் ஏற்கெனவே சூடேறியிருக்கும். இலைகள் இழக்கும் நீரை வேர் ஈடுகட்ட முடியாது. இலை ஓரம் வெளிறி, காகிதம்போல உலரும். வெயில் போதாமல் இருப்பதையும் செடியே சொல்லும். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் இலைகள் அடுக்கடுக்காக நெருங்கியிருக்கும். புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் அந்த இடைவெளி திடீரென்று நீண்டிருந்தால், செடி வெளிச்சத்தைத் தேடி எட்டுகிறது என்று பொருள். அதற்கு உரம் போட்டால் இன்னும் நெட்டையாகுமே தவிர, பூக்காது. இடத்தை மாற்றுங்கள்.

நிறம் தேர்வதும் நிழலோடு சேர்ந்த விஷயம். மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைத்தான் முதலில் இழக்கிறது. கடையில் பளிச்சென்று தெரிந்த அடர்சிவப்பும் ஊதாவும் மரத்தடிக்கு வந்ததும், அந்தி நெருங்கும்போது இலைக்கூட்டத்துக்குள் கறுத்து மறைந்துவிடும். வெள்ளை, வெளிர் ரோஜா, சால்மன், இளம் ஊதா ஆகியவை அதே இடத்தில் விளக்கேற்றியதுபோலத் தெரியும். எல்லா நிறமும் கலந்து நடுவதைவிட, வெள்ளையை அடிப்படையாக வைத்து வேறு ஒரே ஒரு நிறத்தைச் சேர்ப்பது நிழல் பாத்திக்கு எடுப்பாக இருக்கும். இது எங்கள் கருத்து. ரசனை அவரவர் விருப்பம்.

மண் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஈரத்தைப் பிடிக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. தொட்டிக்கு இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு நன்கு மக்கிய உரம், ஒரு பங்கு பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைக் கல்பொரி அல்லது கழுவிய கரடுமணல் போதும். நார்க்கழிவை வாங்கியவுடன் பயன்படுத்தாதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். அதில் உப்பு தங்கியிருக்கலாம்; இம்பேஷியன்ஸ் வேர் மெல்லியது, உப்பைத் தாங்காது. மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 6-க்கும் 6.5-க்கும் இடையே இருப்பது நல்லது. நியூ கினி வகைக்கு இது இன்னும் முக்கியம். 5.8-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள இரும்பையும் மாங்கனீசையும் அது அளவுக்கு மீறி உறிஞ்சி, அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து ஓரம் கருகும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு.

மரத்தடியில் நடுபவர்கள் செய்யும் பெரிய தவறைச் சொல்ல வேண்டும். மரத்தைச் சுற்றி அரையடி உயரத்துக்குப் புதுமண் கொட்டிப் பாத்தி கட்டிவிடுவார்கள். மரத்தின் உணவுறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன; அவற்றுக்குக் காற்று போவது தடைப்படும். மரப்பட்டை மண்ணுக்குள் புதைந்து அழுகும். மரம் வாட ஆரம்பிக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் காரணமும் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு அங்குலத்துக்கு மேல் மண் போடாதீர்கள், அடிமரத்தை ஒட்டிப் போடவே போடாதீர்கள். பாத்திக்குப் பதிலாக வேர்களுக்கு இடையே கைப்பிடி அகலக் குழிகளைக் கைக்கொத்தால் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று வையுங்கள். பெருவிரல் பருமனுள்ள வேர் தென்பட்டால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள்.

இன்னும் நல்ல வழி, தொட்டியோடு வைப்பது. மரவேர் ஒரு மாதத்துக்குள் குழிமண்ணுக்குள் நுழைந்து அங்குள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ‘நிழலில்தானே இருக்கிறது, ஏன் வாடுகிறது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. அடர்ந்த மரத்தின் கீழே மழை பெய்தாலும் அடியில் மண் நனையாமலேயே இருக்கலாம். மழை நின்றதும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், தெரியும்.

இடைவெளி 25 செ.மீ. வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 16 செடி பிடிக்கும். சீக்கிரம் மூடட்டும் என்று 15 செ.மீ.க்கு ஒன்று நடுபவர்கள் உண்டு. அப்படி நட்டால் ஒன்றையொன்று மறைத்து எல்லாம் உயரமாகப் போகும். கீழே காற்றோட்டம் இல்லாமல் நனைந்த இலை காயாது. நோய் முதலில் வருவது அப்படிப்பட்ட பாத்தியில்தான். ஒன்றரை மாதம் பொறுத்தால் 25 செ.மீ. இடைவெளியும் தானாக மூடிவிடும்.

தண்ணீர். செடியின் தண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே நீரோட்டக் குழாய்களே கோடு கோடாகத் தெரியும். உடம்பே தண்ணீரால் ஆனது. அதனால் மண் காய்ந்த சில மணி நேரத்தில் துணிபோலத் தொங்கிவிடும். ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். இந்த வேகமே பலரையும் தவறான பழக்கத்துக்குத் தள்ளுகிறது. தொங்கினால் ஊற்ற வேண்டும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. வெக்கையான நண்பகலில் மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை சற்றுத் தொங்கும். வெயில் இறங்கியதும் தானே நிமிரும். அழுகிய வேருள்ள செடியும் தொங்கும், மண் சேறாக இருக்கும்போதே. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது கதை. ஆகவே செடியைப் பார்த்து ஊற்றாமல், மண்ணைத் தொட்டு ஊற்றுங்கள். மேலே ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றலாம். தொட்டியானால் அடித்துளையில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

ஊற்றும் நேரம் காலை. ஊற்றும் இடம் மண். பூவாளியால் தலையில் பொழிவதும், மாலையில் நனைத்து இரவு முழுக்க இலையை ஈரமாக விடுவதும்தான், பின்னால் சொல்லப்போகும் நோய்க்கு வாசலைத் திறந்து வைப்பது. பாத்தியில் காய்ந்த இலைச்சருகை ஒன்றரை, இரண்டு அங்குல மூடாக்காகப் போட்டால் தண்ணீர்த் தேவை குறையும், மண் இலைமேல் தெறிப்பதும் நிற்கும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டுப் போடுங்கள்.

உரம் குறைவாகவே வேண்டும். நடும்போது மண்ணில் கலந்த மக்கு உரத்தோடு, பூக்கும் காலத்தில் 14 நாளுக்கு ஒருமுறை நீரில் கரையும் சமச்சீர் உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி கொடுத்தால் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை கரும்பச்சையாகச் செழித்துப் பூவை விழுங்கிவிடும். உப்பு மிகுந்தால் இலை ஓரம் பழுப்பாகும், தொட்டியின் விளிம்பில் வெண்படலம் படியும். அப்போது தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள்.

செடியைப் பெருக்க எளிய வழி தண்டுத்துண்டு. பூவோ மொட்டோ இல்லாத நுனியை 8 முதல் 10 செ.மீ. நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரிய கத்தியால் நறுக்குங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலை மட்டும் விடுங்கள். மொட்டு இருந்தால் ஈவிரக்கமின்றிக் கிள்ளி எறியுங்கள். வேர்விட வேண்டிய சக்தியை அது தின்றுவிடும். தண்ணீரில் வைத்தாலே பத்துப் பதினைந்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் வரும். ஆனால் தண்ணீரில் வளர்ந்த வேர் நொறுங்கும் தன்மையுள்ளது. அரை அங்குலம் வந்தவுடன் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீள நீள வளரவிட்டு ரசித்தால் மாற்றும்போது ஒடியும். ஈரமான நார்க்கழிவிலேயே நேரடியாகக் குத்தி, மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையைத் தளர்வாக மூடி, வெயில்படாத வெளிச்சத்தில் வைப்பது இன்னும் உறுதியான முறை. மூன்று வாரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானம் இருந்தால் வேர்விட்டது.

விதை வழியில் பொறுமை வேண்டும். வாலெரியானா விதை ஒரு கிராமில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கும், அவ்வளவு பொடி. அதை மண் போட்டு மூடிவிடுவதால்தான் பலருக்கு முளைப்பதில்லை. முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். நனைத்த நாற்றுக்கலவையின்மேல் தூவி, விரலால் லேசாக அழுத்துங்கள். மேலே வெர்மிகுலைட் என்னும் ஈரம் பிடிக்கும் கனிமத்துகளைப் போட்டாலும் விதை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே போடுங்கள். வெப்பம் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். தட்டை உறையால் மூடி வைத்திருந்தால், முளைத்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் நாற்றழுகல் வரும்: காலையில் பார்த்தால் நாற்றின் அடித்தண்டு மண்மட்டத்தில் நூலாகச் சுருங்கி, வரிசையாகப் படுத்துக்கிடக்கும். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. கலவையை எறிந்துவிட்டுத் தட்டைக் கழுவி மறுபடி தொடங்குவதே வழி. விதைத்த நாளிலிருந்து பூப்பதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கலப்பின ரகச் செடியில் காய்த்த விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போன்ற நிறமும் குட்டையான உருவும் வரும் என்று உறுதியில்லை. அதே செடி வேண்டுமென்றால் தண்டுத்துண்டுதான்.

இடையில் செடி நெட்டையாகிவிட்டால் பிடுங்கிப் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை, கணுவுக்குச் சற்று மேலாக வெட்டிவிடுங்கள். மொட்டையாக நிற்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களிலிருந்து புதுக் கிளைகள் எழும். வாடிய பூவைச் செடியே கீழே தள்ளிவிடும், ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டியதில்லை. ஆனால் ஈர நாள்களில் கீழிலைமேல் ஒட்டிக்கிடக்கும் இதழ்களை மட்டும் எடுத்துவிடுங்கள். சாம்பல் பூசணம் அங்கிருந்துதான் இலைக்குள் இறங்கும்.

பூச்சிகளில் மோசமானது இலைப்பேன். அது சாற்றை உறிஞ்சுவதைவிட, கடத்திவரும் வைரஸ்தான் பெரிய ஆபத்து. இலையில் வளையம் வளையமாகக் கரும்பழுப்புப் புள்ளி, தண்டில் கறுப்புக் கோடு, வளர்ச்சி குன்றிப்போதல் ஆகியவை அதன் அடையாளம். மருந்து கிடையாது. அந்தச் செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். செம்பேன் தாக்கினால் இலையின் மேல்பரப்பு ஊசியால் குத்தியதுபோல வெளிறும், அடியில் மெல்லிய வலை இருக்கும். வறண்ட சூட்டில் வரும். நுனித்தளிர் மட்டும் சுருண்டு, தடித்து, மொட்டு விரியாமல் போனால் கண்ணுக்குத் தெரியாத சிறு சிலந்திப்பேன் வேலை.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். இலைக்காம்பிலும் இலையின் ஓரத்திலும் சீனித்துகள்போலப் பளபளக்கும் சிறு படிகங்கள் தெரியும். அதைப் பூச்சிமுட்டை என்று பயந்து மருந்தடித்துச் செடியைக் கருக்கிவிடுகிறார்கள். செடி தன் தேன்சுரப்பிகளில் விடும் இனிப்பு நீர் உலர்ந்து கெட்டியானதுதான் அது. அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி அடிச்சாம்பல் நோய். இந்தக் கடிதத்தை எழுதவைத்தவற்றில் இதுவும் ஒன்று. பிரிட்டனில் 2003-லும், அமெரிக்காவில் 2004-லும் தலைகாட்டிய இந்த நோய், 2011, 2012 ஆண்டுகளில் அமெரிக்கத் தோட்டங்களில் பரவலாக அடித்தது. ஊர் முழுக்க ஒரே செடியை நட்டிருந்த இடங்களில் பாத்திகள் மொத்தமாகக் காலியாயின. பலர் அத்தோடு வாலெரியானாவை நடுவதையே நிறுத்திவிட்டார்கள். இது வாலெரியானாவைத்தான் கடுமையாகத் தாக்கும், காசித்தும்பையையும் தாக்கக்கூடும். நியூ கினி வகை தாங்கிநிற்கும்.

ஆரம்பத்தில் இது உரப்பற்றாக்குறைபோலவே தோன்றும். சில இலைகள் லேசாக மஞ்சளிக்கும். ஓரங்கள் கீழ்நோக்கி மடியும். இந்தக் கட்டத்தில் உரம் போட்டு நாள் கடத்துபவர்களே அதிகம். மேலே பார்த்தால் போதாது. இலையைத் திருப்புங்கள். அடிப்பக்கத்தில் சர்க்கரைப்பொடி தூவியதுபோல வெண்மையான படலம் இருந்தால் ஐயமே வேண்டாம். சாதாரண சாம்பல் நோய் பெரும்பாலும் இலையின் மேல்பக்கத்தில் மாவுபோல வரும், அது வேறு. அடிச்சாம்பல் வந்த செடியில் அடுத்து பூ உதிரும், பிறகு இலை உதிரும். கடைசியில் வெறும் பச்சைத் தண்டு, உச்சியில் ஒன்றிரண்டு மஞ்சள் தளிர் மட்டும் நிற்கும்.

இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருப்பதும், 15 முதல் 23 டிகிரி வரையிலான குளிர்ந்த ஈரக்காற்றும் இந்த நோய்க்கு வேண்டியவை. நிழல் பாத்தியில் பனியும் தண்ணீரும் மெதுவாகக் காயும் என்பதால், இந்தச் செடிக்குப் பிடித்த இடமே அந்த நோய்க்கும் பிடித்த இடமாகிவிடுகிறது. வித்துகள் காற்றிலும் தெறிக்கும் நீரிலும் பரவும். இன்னொரு வகைத் தடித்த வித்து, உதிர்ந்த இலை தண்டுகளோடு மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் நோய் வந்த செடியை வெட்டி மக்குக்குழியில் போடாதீர்கள். ஈரமில்லாத நேரத்தில் வேரோடு எடுத்து, பையில் மூடிக் கட்டி வெளியேற்றுங்கள். உதிர்ந்த இலைகளையும் பொறுக்கி எடுங்கள். பூசணக்கொல்லிகள் வருமுன் காக்கப் பயன்படும். வெண்படலம் தெரிந்த செடியை அவற்றால் மீட்க முடியாது. வீட்டுத்தோட்டத்தில் அந்தச் செலவு வீண். அந்த இடத்தில் அடுத்த பருவத்திலும் வாலெரியானாவையோ காசித்தும்பையையோ நடாமல், பிகோனியா, கோலியஸ், காலடியம் என்று மாற்றிவிடுங்கள். இந்த நோய் அவற்றைத் தொடாது. வாலெரியானாதான் வேண்டும் என்பவர்கள், எதிர்ப்புத்திறனுக்காகவே உருவாக்கப்பட்ட பீக்கன், இமாரா எக்ஸ்டிஆர் தொடர்களைக் கேட்டு வாங்கலாம். அவையும் நோயே அண்டாதவை அல்ல, நன்றாகத் தாங்குபவை. காலையில் மண்ணில் மட்டும் தண்ணீர், 25 செ.மீ. இடைவெளி என்ற விதி அவற்றுக்கும் உண்டு.

இன்னொன்று. வெப்பமான, ஈரமான பகுதிகளில் வாலெரியானா தானே விதை சிதறி ஓடையோரங்களிலும் காட்டோரங்களிலும் பரவிவிடுகிறது. அதன் உறவான இமாலயக் காசித்தும்பை 1839-இல் அழகுச்செடியாகப் பிரிட்டனுக்குப் போய், இன்று ஐரோப்பிய ஆற்றங்கரைகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெட்டிய தண்டுகளை ஓடைக்கரையில் கொட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. கணு மண்ணில் பட்டாலே வேர்விடும் செடி இது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். தோட்டக்கலைப் பக்கத்தில் இம்பேஷியன்ஸ் என்று வரும் ஒவ்வொரு முறையும் வாலெரியானாவா, நியூ கினியா, காசித்தும்பையா என்று சேர்த்து அச்சிடுங்கள். கேள்வி பதில் பகுதிக்கு ‘இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?’ என்று வாசகர்கள் படம் அனுப்பும்போது, உரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன், இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
நிழல் தோட்டம் வளர்க்கும் வாசகர்கள்